கருந்துளைகள் கணினிக்குள் மோதும்போது

சென்ற மாதம் ஈர்ப்பலைகளை (காலமும் வெளியும் சேர்ந்த காலவெளியில் பரவும் அதிர்வுகளை) பற்றி எழுதியபோது, இரண்டு கருந்துளைகள் மோதினால் எப்படிப்பட்ட அலை வரும் என்பதை ஆய்வாளர்கள் கணினியில் முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். என் ஆராய்ச்சிப் படிப்பின் ஐந்து ஆண்டுகள் அந்த வரிக்குள்தான் கழிந்தன. அதனால் இந்த மாதப் பக்கங்களை முழுவதுமாக அதற்கே கொடுக்கிறேன்.

ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் 1915-லேயே வந்துவிட்டன. கணினியும் 1950-களில் வந்துவிட்டது. இரண்டு கருந்துளைகள் இணைவதைக் கணக்கிட 2005 வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது?
– இயற்பியல் மாணவி, கும்பகோணம்

கணினியின் வேகம் போதவில்லை என்பது பாதிப் பதில். மீதிப் பாதிதான் சுவையானது.

ஒற்றைக் கருந்துளைக்குத் தாளில் எழுதிவிடக்கூடிய விடை உண்டு. சுழலாத கருந்துளைக்கு சுவார்ட்ஸ்சைல்டு 1916-ல் வெளியிட்டார். சுழலும் கருந்துளைக்கு ராய் கெர் 1963-ல் கண்டுபிடித்தார். இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றத் தொடங்கிவிட்டால் அப்படியொரு விடை கிடையாது. எண்களை எடுத்துக்கொண்டு, காலத்தைச் சிறு சிறு அடிகளாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போல வெளி முழுவதும் புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் காலவெளியின் வளைவை எண்களாக எழுதுகிறோம். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் புள்ளி என்றால் மொத்தம் 100 கோடி. புள்ளி ஒன்றுக்கு இருபது எண்கள், எண் ஒன்றுக்கு 8 பைட் என்று வைத்தாலே ஒரே ஒரு கணத்தின் நிலையை வைத்துக்கொள்ள 160 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். புள்ளிகளின் இடைவெளியைப் பாதியாக்கினால் நினைவகம் எட்டு மடங்காகிறது; காலத்தின் அடியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை பதினாறு மடங்காகிறது. அதனால்தான் கருந்துளையின் அருகில் மட்டும் புள்ளிகளை நெருக்கி வைத்து, தொலைவில் அகல விடுகிறார்கள். கருந்துளை நகர்ந்தால் அந்த நெருக்கமும் அதன் கூடவே நகரும்.

இதெல்லாம் வேகமான இயந்திரம் வந்தால் தீர்ந்துவிடும் தொல்லைகள். தீராத தொல்லை சமன்பாடுகளுக்குள்ளேயே இருந்தது. ஐன்ஸ்டைனின் பத்துச் சமன்பாடுகளில் ஆறு, அடுத்த கணம் எப்படி இருக்கும் என்று சொல்கின்றன. மீதி நான்கும் எந்தக் கணத்திலும் மீறக்கூடாத நிபந்தனைகள். தொடக்கத்தில் அவை சரியாக இருந்தால் எப்போதும் சரியாகவே இருக்கும் என்பது தாளில் எழுதும் கணிதம். கணினியோ ஒவ்வோர் எண்ணையும் ஏறத்தாழ பதினாறு இலக்கங்களோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த நுண்ணிய பிசகு, சமன்பாடுகளை எழுதிய விதம் சரியில்லை என்றால், இரட்டித்து இரட்டித்து வளரும். கடைசியில் விடை வர வேண்டிய இடமெல்லாம் 'எண் அல்ல' என்ற குறி வந்து நிரம்பிவிடும். தாளில் சமமாக இருக்கும் இரண்டு எழுத்துமுறைகள் கணினிக்குள் சமமாக இருப்பதில்லை. அதைப் புரிந்துகொள்ளத்தான் அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

1964-ல் ஹான், லிண்ட்குவிஸ்ட் என்ற இருவர் ஐபிஎம் 7090 கணினியில் முதல் முயற்சி செய்தார்கள். 1970-களில் ஸ்மார், எப்லி ஆகியோர் நேருக்கு நேர் மோதும் கருந்துளைகளைக் கணக்கிட்டார்கள். 1990-களில் அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் கைகோத்து, அரசு நிதியுடன் இதைப் பெருஞ்சவாலாகவே எடுத்துக்கொண்டன. அப்போதும் இரண்டு கருந்துளைகளைச் சுற்றவிட்டு ஒன்றாக இணைத்து முடிக்க முடியவில்லை. ஆனால் அதே பத்தாண்டில்தான் 1995-ல் ஷிபாட்டா, நகமூரா இருவரும், 1998-ல் பாம்கார்ட், ஷப்பீரோ இருவரும் சமன்பாடுகளை நிலையாக ஓடும் வடிவத்தில் மாற்றி எழுதினார்கள்.

2005-ல் பிரான்ஸ் பிரிடோரியஸ் வேறொரு வடிவத்தைக் கையாண்டார். நிபந்தனை மீறப்படும்போதெல்லாம் அதைத் தணிக்கும் உறுப்புகளைச் சமன்பாட்டோடு சேர்த்தார். கருந்துளைகள் சுற்றின, இணைந்தன, அடங்கின. அந்த ஆண்டு முடிவதற்குள் மனுவேலா கம்பனெல்லி இருந்த டெக்சாஸ் குழுவும், ஜோன் சென்ட்ரெல்லா இருந்த நாசா கோடார்ட் குழுவும் ஒன்றுக்கொன்று தெரியாமலே வேறொரு வழியைக் கண்டுபிடித்திருந்தன. அதுவரை கருந்துளையின் மையத்தைப் புள்ளிவலையில் ஓர் இடத்தில் கட்டிப்போட்டுவிட்டுக் கணக்கிட்டார்கள். சுற்றியிருக்கும் ஆயக்கோடுகள் முறுக்கிக்கொண்டு எல்லாம் கெட்டுப்போனது. இந்த இரண்டு குழுக்களும் கட்டை அவிழ்த்து, மையத்தை வலைக்குள் நகரவிட்டன. நாற்பது ஆண்டு முடிச்சு அவிழ்ந்தது. இன்றும் அந்தக் கட்டுரைகளைத் திறந்தால் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

தொலைக்காட்சியில் காட்டும் கருந்துளைப் படங்கள் கணினி வரைபவைதானே? ஓவியன் வரைந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எதை வைத்து நம்புவது?
– ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி

படத்தை நம்ப வேண்டாம் ஐயா. நிறங்களைத் தேர்ந்தெடுப்பது மனிதர்கள்தான். படத்துக்குப் பின்னால் என்னென்ன சோதனைகள் நடந்தன என்று கேளுங்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது இரண்டு கருந்துளைகளை ஓடவிட்டேன். மையத்திலிருந்து 40 அலகு தொலைவில் அலையை அளந்தேன். புள்ளிவலை 60 அலகில் முடிந்தது. (ஒளி ஓர் அலகு தொலைவைக் கடக்க ஓர் அலகு நேரம் ஆகும். மொத்த நிறை 60 சூரியன்கள் என்றால் அந்த 60 அலகு சுமார் 5,300 கிலோமீட்டர்.) அழகான அலை வந்தது. ஆனால் 80 அலகு நேரத்தில் அதில் ஒரு சிறு நெளிவு. எதுவும் நொறுங்கவில்லை, எந்த எச்சரிக்கையும் இல்லை. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு வாரம் தூங்கவில்லை. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லையை 120-க்குத் தள்ளி மறுபடி ஓட்டுங்கள்" என்று மட்டும் சொன்னார். ஓட்டினேன். நெளிவு 200-க்கு நகர்ந்துவிட்டது. கணக்கைப் பாருங்கள்: மையத்திலிருந்து எல்லைக்கு 60, திரும்பி அளக்கும் இடத்துக்கு 20, ஆக 80. பிறகு 120-உம் 80-உம் சேர்ந்து 200. தொடக்கத் தரவிலிருந்து கிளம்பிய போலி அலை, என் வலையின் சுவரில் மோதித் திரும்பியிருக்கிறது. இயற்கையில் அப்படி ஒரு சுவர் இல்லை. அன்று அழுதேன். ஆனால் இந்தத் துறையில் நான் கற்ற முதல் உண்மையான பாடம் அதுதான்.

அதனால்தான் ஒரே கணக்கை மூன்று விதமான புள்ளி நெருக்கங்களில் ஓட்டுகிறோம். நான்காம் படி முறையைப் பயன்படுத்தினால், இடைவெளியைப் பாதியாக்கும்போது பிழை பதினாறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்கக் கூடாது. அடுத்து, வேறு குழு வேறு முறையில் எழுதிய நிரலோடு ஒப்பிட வேண்டும். பிரிடோரியஸின் வழியும் மற்ற இரு குழுக்களின் வழியும் வெவ்வேறு. வந்த அலைகளோ ஒத்துப்போயின.

கடைசியில் இயற்கையே சோதித்தது. 2015 செப்டம்பர் 14 அன்று, ஈர்ப்பலைகளைப் பதிவுசெய்யும் லைகோ கருவிகளில் 0.2 நொடி நீளமுள்ள ஒரு துடிப்பு பதிவானது. 36, 29 சூரிய நிறைகள் கொண்ட இரண்டு கருந்துளைகள் இணைந்து 62 ஆனதும், மீதி மூன்று சூரிய நிறை அலையாகப் போனதும், கணினி அலைகளோடு ஒப்பிட்டுத்தான் தெரிந்தது. அப்படி ஒப்பிட ஒன்றிரண்டு அலைகள் போதாது. எஸ்எக்ஸ்எஸ் என்ற கூட்டுக்குழு 2013-ல் 174 சிமுலேஷன்களை வெளியிட்டது. 2019-ல் அது 2,018 ஆகியிருந்தது.

ஓவியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1979-ல் பிரான்சில் ழான்-பியர் லூமினே, ஐபிஎம் 7040 கணினியில் துளை அட்டைகளைக் கொடுத்துக் கணக்கிட்டு, வந்த எண்களைக் கொண்டு கருந்துளையைச் சுற்றும் வட்டின் படத்தை மையால் புள்ளி புள்ளியாகக் கையாலேயே வரைந்தார். நம்மை நோக்கிச் சுழலும் பக்கம் கூடுதலாக ஒளிரும் என்பது அதிலேயே இருக்கிறது. கை வரைந்த படம்தான். ஆனால் அதில் ஒரு புள்ளிகூடக் கற்பனை இல்லை.

இந்த மென்பொருள்களுக்கு எவ்வளவு விலை? என் மடிக்கணினியில் ஓடுமா?
– மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

விலை இல்லை. 'ஐன்ஸ்டைன் டூல்கிட்' என்ற தொகுப்பை யாரும் இறக்கிக்கொள்ளலாம், திறந்து படிக்கலாம், திருத்தலாம். அதன் அடித்தளமான 'காக்டஸ்' ஜெர்மனியின் போட்ஸ்டாமில் உள்ள மேக்ஸ் பிளாங்க் ஈர்ப்பியல் நிறுவனத்தில் 1990-களில் உருவானது. பெயருக்கேற்ப நடுப்பகுதிக்கு 'சதை' என்றும், அதில் செருகும் பகுதிகளுக்கு 'முள்' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். தொடக்க நிலையைக் கணக்கிட ஒரு முள், காலத்தில் நகர்த்த ஒரு முள், நிகழ்வெல்லையை (கடந்தால் எதுவும் திரும்ப முடியாத எல்லையை) தேட ஒரு முள். ஒருவர் எழுதிய முள்ளை உலகின் மறுகோடியில் இருப்பவர் செருகிக்கொள்ளலாம்.

அந்த 2015 மோதலை மறுபடி நடத்திப் பார்க்கும் மாதிரி ஒன்றும் அதில் இருக்கிறது. அதை மடிக்கணினியில் முயல வேண்டாம். பல கணினிகள் சேர்ந்த தொகுதி வேண்டும். ஒற்றை நியூட்ரான் விண்மீன் மாதிரியை மடிக்கணினி தாங்கும். அதன் மைய அடர்த்தி மெல்ல அதிர்வதைப் பாருங்கள். பிறகு புள்ளிகளை நெருக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். பைத்தானில் எழுதியதை சி நிரலாக மாற்றித் தரும் 'என்ஆர்பை' என்ற கருவியைக் கொண்டு நேருக்கு நேர் மோதும் கருந்துளைகளைக்கூட வீட்டிலேயே ஓட்டலாம். லைகோவின் பதிவுகளும் பொதுவெளியில் இருக்கின்றன.

இதில் இந்தியர்களின் பங்கு ஏதேனும் உண்டா?
– வங்கி ஊழியர், மதுரை

உண்டு. எனக்கு மிகவும் பிடித்தவர் சி. வி. விஸ்வேஸ்வரா. ஒரு கருந்துளையின் மீது அலையைச் செலுத்தினால் என்ன திரும்பி வரும் என்று கணக்கிட்டு 1970-ல் வெளியிட்டார். அடித்த மணியின் ஓசை தேய்வதைப் போலத் தேயும் ஓர் அதிர்வு வந்தது. மோதலுக்குப் பிந்தைய அலையின் கடைசிப் பகுதியை இன்று அப்படித்தான் புரிந்துகொள்கிறோம். பின்னாளில் பெங்களூரு நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநராக இருந்தார். 2017 ஜனவரியில் காலமானார்; லைகோவின் அறிவிப்பு 2016 பிப்ரவரியில் வந்தது. தன் மணியோசை கேட்டுவிட்டது என்ற செய்தியை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மோதலுக்கு முந்தைய சுழற்சியைச் சமன்பாடுகளாக எழுதியதில் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பாலா ஐயருக்குப் பெரிய பங்கு உண்டு.

கருந்துளைக்குள்ளே என்ன நடக்கிறது என்பதையும் கணினி கணக்குப் போடுமா?
– எட்டாம் வகுப்பு மாணவி, தூத்துக்குடி

மையத்துக்குப் போனால் எண்கள் முடிவில்லாமல் பெருகும். எந்தக் கணினியாலும் தாங்க முடியாது கண்ணே. அதனால் சிலர் உள்ளே ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் கணக்கிடுகிறார்கள். சிலர் உள்ளே கடிகாரம் ஏறக்குறைய நின்றுவிடும்படி செய்து, மையத்தை எட்டாமலே பார்த்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் விடை தப்பாகிவிடாதா என்று நீ அடுத்துக் கேட்பாய். கருந்துளைக்குள் போன எதுவும் வெளியே வராது அல்லவா? நாம் உள்ளே செய்யும் தப்பும் அப்படித்தான், வெளியே வராது.