தறி நெய்யும் அப்பாவுக்கு ராத்திரியில் விரல் மரத்துப்போகிறது. இது வாதமா?

பெரும்பாலும் வாதம் இல்லை. மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். உள்ளங்கையின் அடியில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. குழிக்குள் கால் வைத்து நெய்யும் குழித்தறியில் ஒரு கை, குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடாவின் கயிற்றை வெடுக்கென்று இழுக்கும், மறு கை அந்த இழையை நெருக்கும் பலகையை அடிக்கும். நாள் முழுக்க இதே அசைவு என்றால் தசைநாண் உறைகள் வீங்கி நரம்பை அழுத்தும்.

அப்பாவிடம் எந்த விரல் என்று கேளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் இதுதான் என்று சந்தேகிக்கலாம். சுண்டுவிரல் என்றால் அது வேறு நரம்பு, முழங்கைப் பக்கம் பார்க்க வேண்டும். தூக்கத்தில் எழுந்து கையை உதறுகிறாரா? அதுவும் ஓர் அடையாளம்.

மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் கட்டச் சொல்லுங்கள். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் சோதியுங்கள். அறுந்த இழையை முடிபோடத் தடுமாறினாலோ, கட்டைவிரல் மேடு வற்றினாலோ, தைலம் தேய்த்து நாளைக் கடத்தாமல் நரம்பு மருத்துவரிடம் போங்கள்.