நாய் விஷம் தின்னுட்டா டாக்டர்கிட்ட போறதுக்குள்ள என்ன பண்ணணும்? வீட்டுல என்ன ரெடியா வச்சிருக்கணும்?

பக்கத்துத் தோட்டத்துல எலிக்கு மருந்து வைக்கிறாங்க, நம்ம குட்டி அங்கதான் சுத்துது, டாக்டரும் தூரம்னு எழுதியிருக்கீங்க. உங்க வீடும் எங்கள மாதிரி ஊருக்கு வெளியதான் இருக்கும்னு நினைக்கிறேன். நான் டாக்டர் இல்ல, முதல்லயே சொல்லிடுறேன். ஆனா வாயில எதையும் ஊத்தாதீங்க, என்னத்தத் தின்னுச்சுனு பாருங்க, உடனே கிளம்புங்க. இத அடிச்சுச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கு.

எங்களுக்குத் தேனி மாவட்டம் கூடலூர், குமுளி மலைக்கு அடிவாரம், மலை ஏறுனா கேரளா. வீட்டுல இருக்குறது கோம்பைங்கிற நாட்டு நாய், பேரு செவலை. ஒரு நாள் சாயங்காலம் தோப்புப் பக்கம் போயிட்டு வந்தவனுக்கு நடையே சரியில்ல, பின்னங்கால் பின்னுது, எச்சி நூல் நூலா ஒழுகுது, தொடைச் சதை துடிச்சுக்கிட்டே இருக்கு, நின்ன இடத்துலயே பேதி. கண்ணத் தூக்கிப் பாத்தா கண்பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிப் போயிருந்துச்சு. திராட்சைக்கு மருந்தடிக்கிற ஊர்ல வளந்தவங்க நாங்க, மருந்தேறி விழுற ஆளுக்கும் இதேதான் வரும், அதனால பாத்ததுமே பூச்சி மருந்துனு புரிஞ்சுபோச்சு.

பெரியப்பா சொம்போட ஓடி வந்து, "உப்பக் கரைச்சு ஊத்துடா, எல்லாம் வாந்தியா வந்துரும்"னாரு. "வேணாம் பெரியப்பா, நடுக்கம் வந்துருச்சு, இப்ப ஊத்துனா நுரையீரலுக்குள்ள போயிரும்"னு சொம்ப வாங்கிக் கீழ வச்சேன். பெரியவங்க பேச்சக் கேக்கலனு இன்னைக்கும் சொல்லிக் காட்டுவாரு, பரவாயில்ல. உப்பு அதிகமானா அதுவே நாயக் கொன்னுரும். புளித்தண்ணி, சோப்புத்தண்ணி, எண்ணெய், பால் எதுவும் வேணாம். ஆசிட், மண்ணெண்ணெய் குடிச்சிருந்தா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, வரும்போது திரும்பவும் தொண்டையப் புண்ணாக்கும், நுரையீரலுக்கும் போகும்.

செவலை தானாவே வாந்தி எடுத்தான். அதுல கறித்துண்டு, கறி மேல கத்திரிப்பூ கலர்ல மணல் மணலா குருணை. கையில பிளாஸ்டிக் கவர மாட்டிக்கிட்டு அத அப்படியே ஊறுகாய் டப்பாவுல அள்ளி மூடி எடுத்துக்கிட்டேன். தம்பி வண்டி ஓட்ட நான் பின்னாடி உக்காந்து, எச்சி வெளிய வடியட்டும்னு அவன் தலையத் தாழ்த்திப் பிடிச்சுக்கிட்டேன். போற வழியிலயே டாக்டருக்குப் போன் போட்டு வர்றோம்னு சொல்லிட்டோம். அவரு டப்பாவப் பாத்தாரு, கண்ணப் பாத்தாரு, அந்த விஷத்துக்கு மாத்து ஊசியான அட்ரோபின் போட்டாரு. எச்சி நிக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருந்தாரு. விடியக்காலம் தலையத் தூக்கித் தண்ணி குடிச்சான். பொழச்சுட்டான், இப்பவும் வாசல்லதான் படுத்திருக்கான்.

கறியில குருணை தானா வந்து ஒட்டாது, யாரோ தெருநாய்க்குனு வச்சது. கார்போஃபியூரான், போரேட்னு குருணையா வர்ற பூச்சி மருந்தெல்லாம் கேரளாவுல 2011லயே தடை பண்ணிட்டாங்க, போரேட்ட நாடு முழுக்கவே 2020 கடைசியோட நிறுத்தியாச்சு. அப்படியும் லேபிளே இல்லாம பொட்டலத்துல மடிச்சுக் குடுக்குறாங்க, இங்க வாங்கி மலை மேலயும் கொண்டு போறாங்க. தெருநாய் தொல்லை இல்லையானு கேப்பீங்க, இருக்கு, நானும் கடிபட்டிருக்கேன். அதுக்குக் கருத்தடை, தடுப்பூசினு வழி இருக்கு. விஷக்கறிய வச்சா தெருநாயோட நிக்காது, செத்தத தின்னுற காக்கா, பருந்து வரைக்கும் போகும்.

எலி மருந்துல நிறைய வகை இருக்கு. கேக்கு மாதிரி வர்ற புரோமாடியோலோன தின்னா அன்னைக்கு ஒண்ணுமே தெரியாது, நல்லா ஓடியாடும். மூணு நாலு நாள் கழிச்சு ஈறு வெளுக்கும், மூக்குல ரத்தம் வரும். அதனால தின்னத பாத்தீங்கன்னா நல்லாத்தானே இருக்குனு விட்ராதீங்க, அதுக்கு மாத்து மருந்தான வைட்டமின் கே1 வாரக்கணக்குல குடுக்கணும். கருப்புப் பொடியா வர்ற ஜிங்க் பாஸ்பைடு வேற மாதிரி, வயித்து அமிலம் பட்டதும் விஷ வாயுவா மாறும், சோறு போட்டா அமிலம் கூடும், போடவே கூடாது. வாந்தி எடுத்தா ஜன்னலத் திறந்து விடுங்க, அந்த வாடை நமக்கும் ஆகாது.

  

இப்பவே பண்ண வேண்டியது என்னன்னா, டாக்டர் நம்பர், ராத்திரி எடுக்குற இன்னொரு டாக்டர் நம்பர், 1962 மூணையும் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. 1962 நடமாடும் கால்நடை வண்டிக்கு. கேரளாவுலயும் அதே நம்பர்தான், எங்க பக்கம் கேரளா டவர் இழுத்தா கால் மலையாளத்துல போய் நிக்கும், பார்டர்ல இருந்தா பாத்துக்கங்க. நாயோட எடைய எழுதி வைங்க, மருந்து அளவு அதவச்சுத்தான். கையுறை, பழைய துண்டு, மூடி போட்ட டப்பா, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு பையில இருக்கட்டும், ரோமத்துல மருந்து பட்டிருந்தா நக்குறதுக்குள்ள கழுவலாம். பக்கத்துத் தோட்டக்காரரப் பாத்து எந்த மருந்து வைக்கிறாருனு கேட்டு அட்டைய போட்டோ எடுத்து வைங்க, சண்டையா கேக்காம தன்மையா கேட்டா காட்டுவாங்க. திராட்சையும் கிஸ்மிஸும் நாய்க்கு கிட்னியக் கெடுக்கும், கம்பம் பக்கமா இருந்தா உதிர்ந்த பழத்துலயும் கண்ணு வைங்க. பூனை இருந்தா பாரசிட்டமால் கால் மாத்திரை கூடக் குடுக்காதீங்க.

அட்ரோபின் எவ்வளவு போடணும், நாங்களே வாங்கி வைக்கலாமானு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், அது டாக்டர் கையில இருக்க வேண்டியது.