அம்மா தானே தலைவாரிக்கொள்ள: பக்கவாதத்துக்குப் பிறகு ஆக்குபேஷனல் தெரபி

கேள்வி: என் அம்மாவுக்கு 57 வயது. மூன்று மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பிசியோதெரபிக்குப் பிறகு இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். ஆனால் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது எல்லாம் நாங்கள்தான். இடது கையால் சாப்பிடக் கூச்சப்படுகிறார். சீப்பைக் கையில் கொடுத்தால் சில நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஓ.டி.' என்று இருந்ததைப் பார்த்து, இன்னொரு ஆபரேஷனா என்று பயந்துபோனோம். ஆக்குபேஷனல் தெரபி என்று பிறகுதான் தெரிந்தது. திருவாரூர் பக்கம் எங்கள் ஊரில் அதற்கு ஆள் இல்லை. அது என்ன? வீட்டிலேயே செய்ய முடியுமா?

பதில்: ஆக்குபேஷன் என்றதும் பலரும் வேலைவாய்ப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'இந்த வயதில் அம்மா எந்த வேலைக்குப் போகப்போகிறார்' என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு மனிதரின் நாளை நிரப்பும் காரியங்கள் என்று பொருள். பல் தேய்ப்பது, புடவை கட்டுவது, ரசம் வைப்பது, பேரனுக்குச் சோறு பிசைந்து கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். பிசியோதெரபி அம்மாவைக் குளியலறைக் கதவுவரை நடக்க வைத்துவிட்டது. கதவுக்கு உள்ளே நடக்க வேண்டியவை ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளான எங்கள் பொறுப்பு.

முதலில் சீப்பு. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. வலது பக்கம் விழுந்தால் பாதிப்பு மூளையின் இடது பாதியில். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மட்டுமல்ல, கை பழகிய வேலைகளின் வரிசையும் அந்தப் பாதியில்தான் பதிந்திருக்கிறது. அது குலைந்தால் கையில் பலம் இருந்தும் வேலை வராது. இதை அப்ராக்ஸியா என்பார்கள். சீப்பைப் பார்த்தால் சீப்பென்று தெரியும், ஆனால் கை எங்கிருந்து தொடங்குவது என்பது பிடிபடாது. அந்த நேரத்தில் நீங்கள் "தூக்குங்க, திருப்புங்க, அப்படி இல்ல, இப்படி" என்று சொல்லச் சொல்லக் குழப்பம் கூடும். பேசாமல் அம்மாவின் பின்னால் நின்று, அவர் கையின்மேல் உங்கள் கையை வைத்து இரண்டு தடவை வாரிவிடுங்கள். மூன்றாவது தடவை உங்கள் பிடியைத் தளர்த்துங்கள். பல நேரம் கை தானே தொடர்ந்துவிடும். தினமும் அதே சீப்பு, அதே கண்ணாடி, அதே நேரம். இடம் மாறினால் பழக்கம் பிடிபடத் தாமதமாகும். சீப்பில் சரியாகிற அம்மா பல் தேய்க்கும் பிரஷ்ஷில் மறுபடி திணறலாம். அதையும் தனியாகத்தான் பழக்க வேண்டும்.

அப்புறம், நீங்கள் எல்லாவற்றையும் செய்துவிடுவது. அது பாசத்தால் வருவது, எனக்குப் புரிகிறது. ஆனால் மூளை ஒரு வேலையைத் திரும்பக் கற்பது, அந்த வேலையையே நூற்றுக்கணக்கான தடவை செய்துதான். நைட்டியை நீங்களே மாட்டிவிட்ட ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு ஒரு பயிற்சி குறைந்த நாள். அதற்காக "நீங்களே போட்டுக்கோங்க" என்று விட்டுவிட்டுப் போவதும் தவறு. நாங்கள் கடைசிப் படியிலிருந்து தொடங்குவோம். நைட்டியைத் தலைவழியே மாட்டி, இரு கைகளையும் நுழைத்து, இடுப்புவரை இறக்கிவிடுங்கள். இடுப்புக்குக் கீழே இழுத்துவிடும் அந்த ஒரு காரியம் மட்டும் அம்மாவுடையது. அது இலகுவானதும் அதற்கு முந்தைய படியையும் அவரிடம் விடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் போனால், ஒவ்வொரு தடவையும் வேலையை முடிப்பவர் அம்மாவாக இருப்பார். பாதியில் தோற்று நிறுத்தியவரின் முகத்தையும் முடித்தவரின் முகத்தையும் நான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன், அதனால்தான் இந்த வழியை இவ்வளவு நம்புகிறேன். உடுத்தும்போது விழுந்த கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது அது கடைசியில் வர வேண்டும். முன்பக்க ஜிப் வைத்த நைட்டி வசதி. ஜாக்கெட் கொக்கிகளுக்குப் பதில் வெல்க்ரோ தைத்துக் கொடுக்க எந்தத் தையற்காரருக்கும் தெரியும்.

இடது கையால் சாப்பிடும் கூச்சத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். காலைக்கடன் கழுவிய கையாலேயே சோற்றைத் தொடுவதா என்ற அருவருப்பு நம் வீடுகளில் பலரைப் பட்டினி போட்டிருக்கிறது. வற்புறுத்தினால் பசியில்லை என்று சொல்லிவிடுவார்கள். கழிப்பறையில் ஹேண்ட் ஷவர் வைத்துவிட்டால் கழுவக் கை படும் அவசியம் பெரும்பாலும் இருக்காது. சாப்பாட்டுக்கு ஸ்பூன். காம்பில் துணியோ பஞ்சோ சுற்றித் தடிமனாக்கினால் வலது விரல்களில் கொஞ்சம் அசைவு இருந்தாலும் பிடிக்கப் பார்க்கலாம். விளிம்பு உயர்ந்த தட்டு, அதன் அடியில் ஈரத்துணி, இவை இரண்டும் இருந்தால் தட்டு நகராது. வலது கையை மடியில் தொங்கவிடாமல் மேசைமேல், தட்டைத் தொட்டபடி வையுங்கள். பிடிக்க முடியாத கைகூட அணைத்து நிறுத்தும் வேலையைச் செய்யலாம். பூக்கட்டிப் பிழைத்த ஒரு அம்மா, வராத கையை நார்மேல் கனமாக வைத்துக்கொண்டு, நல்ல கையால் மல்லிகையைக் கட்டப் பழகினார். பழைய வேகம் வரவில்லைதான். ஆனால் வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு அவர் கட்டிய சரம்தான். விழுங்கும்போது இருமலோ புரையேறலோ இருந்தால் இதையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிலர் நல்ல கையைக் கட்டிவைத்து விழுந்த கையை வேலைவாங்கச் சொல்வார்கள். அப்படி ஒரு முறை உண்மையிலேயே உண்டு. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு நிமிர்த்த முடிகிறவர்களுக்குத்தான், அதுவும் தெரபிஸ்ட் பார்வையில்தான். உங்கள் அம்மா கோலைப் பிடித்திருப்பது அந்த நல்ல கையில். நீங்களாக அதைக் கட்டிப்போட்டால் விழுவார்.

ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பக்கவாதம் வந்த கைக்கு மூடுவதைவிட விரிப்பதுதான் கஷ்டம். அதனால் பந்தைவிட, பிடித்துப் பிறகு விரலை விரித்து விடும் வேலைகளை நான் விரும்புவேன். முருங்கைக்கீரை உருவலாம், அவித்த கடலை உரிக்கலாம், உளுந்தில் கல் பார்க்கலாம். விரல் சுத்தமாக வராவிட்டால், விழுந்த கையின்மேல் நல்ல கையை வைத்து ஒரு துண்டால் மேசையைத் துடைக்கட்டும். விரல்கள் தேறிய பிறகு கோலம் போடச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை அளந்து விடுவதற்கு ஈடான பயிற்சிக் கருவி எதையும் நான் பார்த்ததில்லை.

தோள்பட்டை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வலது கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். பிடிப்பு தளர்ந்த மூட்டு இறங்கிவிடும், வலி மாதக்கணக்கில் படுத்தும். கயிறு கட்டி மேலே இழுக்கும் கப்பியும் வேண்டாம். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள்.

குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்குங்கள். கால்களில் ரப்பர் இருக்க வேண்டும், கைப்பிடியும் வேண்டும். உள்தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள். வெந்நீரை எப்போதும் இடது கையால் தொட்டுப் பார்க்கட்டும். வலது கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டுக் கொப்பளித்த பிறகுதான் தெரியும். சோப்பைப் பழைய சாக்ஸில் போட்டு முடிந்துகொடுத்தால் வழுக்காது. கட்டில் உயரம், உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படும் அளவுக்கு இருக்கட்டும்.

அம்மாவை அடுப்படிக்குள் விடுங்கள், ஆனால் அரிவாள்மனையை எடுத்துவைத்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்த கை அதன் பக்கத்தில் போகக் கூடாது. காய்கறிப் பலகையில் இரண்டு துருப்பிடிக்காத ஆணிகளை அடியிலிருந்து அடித்து, முனை மேலே நிற்கும்படி செய்தால், வெங்காயத்தை அதில் குத்தி ஒரு கையால் நறுக்கலாம். கொதிக்கும் பாத்திரத்தை இறக்குவதும் குக்கர் திறப்பதும் உங்கள் வேலை. உப்பு, புளி, தாளிப்பின் பக்குவம் அம்மாவுடையது.

இதெல்லாம் நீங்கள் செய்யலாம். ஆனால் ஒருமுறையாவது தெரபிஸ்ட் நேரில் பார்க்க வேண்டும். கை எந்த அளவில் இருக்கிறது, கையைத் தாங்கி நிறுத்தும் சிம்பு (ஸ்பிளிண்ட்) வேண்டுமா, பார்வையில் ஒரு பக்கம் விடுபடுகிறதா என்பதைக் கடிதத்தில் சொல்ல முடியாது. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதத்துக்குப் பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. ஆகவே தள்ளிப்போடாதீர்கள். சென்னை கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இயங்குகிறது. அதைக் கட்டியெழுப்பிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். போவதற்கு முன் உங்கள் குளியலறை, வாசற்படி, அடுப்படி மூன்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்தால் தெரபிஸ்ட் உங்கள் வீட்டுக்கென்றே யோசனை சொல்வார். இடையில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி உங்கள் பகுதியில் கிடைக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அம்மா எதிலும் பிடிப்பில்லாமல் அழுதுகொண்டே இருந்தால், சோம்பல் என்று திட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருந்து இருக்கிறது. களைப்பும் நிஜமானது. காலை ஒரு வேலை, மாலை ஒரு வேலை, நடுவில் ஓய்வு.

சரி, எங்கே தொடங்குவது? அம்மாவிடமே கேளுங்கள். பேச்சு வராவிட்டால் சீப்பு, ஸ்பூன், நைட்டி மூன்றையும் எதிரில் வைத்து, எதைத் தொடுகிறார் என்று பாருங்கள். முதல் வாரம் அந்த ஒன்று மட்டும். காலைக் காப்பிக்குப் பிறகு, அரை மணி நேரம், யாரும் அவசரப்படுத்தாத இடத்தில்.