மேடு தட்டிய பருத் தழும்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கொழிஞ்சாம்பாறையில் தோல் நோய் பார்க்கிறேன். கேரள-தமிழக எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளில், பரு ஆறியபின் தடித்து நிற்கும் தழும்பு பற்றியவை இங்கே.

கேள்வி (வேலந்தாவளம், மாணவி): டாக்டர், தாடையோரம் தழும்பெல்லாம் குண்டு குண்டா நிக்குது. பார்லர்ல ஊசி ரோலர் ஓட்டினா சமமாகும்னு சொல்றாங்க. போகலாமா?

பதில்: வேண்டாம்மா. ரோலர் குழித் தழும்புக்கு உரியது. குழியில் கொலாஜன் (தோலைத் தாங்கும் புரதம்) போதாது, அதை வளர்க்கத்தான் குத்துவது. உங்களுக்கு அது ஏற்கெனவே அளவுமீறி வளர்ந்திருக்கிறது. குத்தினால் இன்னும் தடிக்கலாம்.

மேட்டுத் தழும்புக்கு முதலில் செய்வது, தழும்புக்குள்ளேயே ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. முகத்தில் மி.லிக்கு 10 மி.கி. போன்ற குறைந்த வீரியத்தில் தொடங்குவேன். நெஞ்சில் இறுகிய தழும்புக்கு 40 வரை போகலாம். மருந்து மிஞ்சினால் அந்த இடம் குழிந்து வெளுத்துவிடும். அதனால் தட்டையானதும் நிறுத்திவிட வேண்டும். வலிக்கும், மறைக்க மாட்டேன். முன்னால் மரப்புக் களிம்பு தடவச் சொல்லிக் கேளுங்கள். இன்னும் சீழ்ப்பரு வந்துகொண்டிருந்தால் அதற்கும் உடனே மருந்து எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் அமுக்க, மறுபக்கம் முளைக்கும்.

கேள்வி (குமுளி, தோட்டத் தொழிலாளி): நெஞ்சுலயும் தோள்லயும் தழும்பு பரவிக்கிட்டே போகுது. மருந்தடிக்கிற டேங்க் மாட்டுனா எரியுது, ராத்திரி அரிப்பு. அறுத்து எடுத்துட்டா என்னங்க?

பதில்: வெறுமனே அறுக்காதீங்கண்ணே! பரு இருந்த இடத்தைத் தாண்டிப் பரவுவது கீலாய்டு. அறுவை மட்டும் செய்தால் பாதிப் பேருக்காவது திரும்பி வரும், முன்னைவிடப் பெரிதாகவும் வரும். அறுத்தே ஆக வேண்டுமென்றால் கூடவே ஊசியோ கதிர்வீச்சோ திட்டமிட்டிருக்க வேண்டும். ஊசியில் 5-ஃப்ளோரோயூராசில் என்ற, செல் பெருகுவதைத் தடுக்கும் மருந்தைக் கலப்பதும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. தேனி மாவட்டம் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் தோல் பிரிவில் காட்டுங்கள். அதுவரை வார் உரசும் இடத்தில் மெத்தென்ற துணி வையுங்கள். பரு இருந்த இடத்துக்குள்ளேயே நிற்கும் தழும்பானால் காலப்போக்கில் தானே அமுங்குவதும் உண்டு.

கேள்வி (ஆரியங்காவு): தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கோன் ஷீட் பயன் தருமா?

பதில்: புதுத் தழும்புக்குத் தரும். தினம் 12 மணி நேரத்துக்கு மேல், 2, 3 மாதமாவது ஒட்ட வேண்டும். நம் வெயிலில் வியர்த்து உரிந்துவிடும். முகத்துக்கு ஜெல்லே வசதி.

கேள்வி (களியக்காவிளை, ஒரு அம்மா): மருந்துக்கடையில குடுத்த கிரீமை மகன் மூணு மாசமா பூசுறான். லேசர் பண்ணலாமா?

பதில்: முதலில் அந்த டியூபைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கம்மா. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் முகத்தோல் மெலியும், பருவும் கூடும். தடித்த தழும்பும் அதில் கரையாது. லேசரில் சிவப்பும் அரிப்பும் குறையும், செலவு அதிகம். ஊசிக்குத் துணையாகத்தான் சொல்வேன். தழும்பைக் கடுங்குளிரில் உறைய வைக்கும் சிகிச்சை நம் மாநிறத்தில் வெள்ளைத் திட்டு விடக்கூடும் என்பதால் முகத்தில் தவிர்க்கிறேன்.

கேள்வி: பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடும்போது தழும்புக்கு ஊசி போடலாமா?

பதில்: பொதுவாகப் போடலாம், மாத்திரை விவரத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பெண்கள் அந்த மாத்திரை எடுக்கும்போதும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கட்டாயம் கருத்தரிக்கக் கூடாது.