ஏழு வயது மகன் கணினி நேர வரம்பைத் தாண்டுவது குறித்து

ஒரு மணி நேர வரம்பு வைத்தும், அது முடிந்த பிறகு மகன் கணினியில் தொடர்ந்து விளையாடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். குழந்தைகளின் கணினி நேரத்தைக் கட்டுப்படுத்த உதவும் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி சேவையில் நீங்கள் வைத்த அந்த வரம்பு, உங்கள் மகனின் கணக்கை மட்டுமே கட்டுப்படுத்தும். அவன் உங்கள் கணக்கில் நுழைந்துவிட்டால் அந்த வரம்புக்கு அங்கே வேலையே இல்லை.

நேரம் முடிந்த பிறகும் விளையாட்டு நிற்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் கணக்கைத் திறக்க நீங்கள் அழுத்தும் பின் (PIN) எண் அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நாம் எண்ணை அழுத்தும்போது பக்கத்தில் நிற்கும் குழந்தையின் கண் பெரும்பாலும் நம் விரல்களின் மேல்தான் இருக்கும்.

1. அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, அங்கே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் என்றால் பின் எண்ணை மாற்றுங்கள். எழுந்து செல்லும்போதெல்லாம் விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்திக் கணினியைப் பூட்டுங்கள்.

2. அவன் பெயரே என்றால், அமைப்புகளில் அவனுடைய கணக்கு நிர்வாகிக் கணக்காக (கணினியின் அமைப்புகளை மாற்றும் உரிமையுள்ள கணக்காக) இருக்கிறதா என்று பார்த்து, சாதாரணக் கணக்காக மாற்றுங்கள்.

ஒன்றை மனத்தில் வையுங்கள்: ஆட்டத்தின் நடுவில் திரை திடீரென்று பூட்டிக்கொண்டால் அவன் அழுவது இயல்பு. பத்து நிமிடம் முன்பே நீங்கள் அருகில் சென்று சொல்லிவிடுங்கள்.

மூன்று வயது மகளும் கூடவே உட்கார்ந்து பார்க்கிறாள் என்கிறீர்களே, எனக்கு அதுதான் கூடுதல் கவலையைத் தருகிறது. 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. அண்ணனின் திரையை வேடிக்கை பார்க்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.