பெஞ்சும் பில்லிங்கும்

கேள்வி: பெங்களூரில் ஒரு டெக்னாலஜி கன்சல்டிங் நிறுவனத்திலிருந்து 20 லட்சத்துக்கு ஆஃபர் வந்திருக்கிறது. மாறலாமா?
– வாசகி, மாரத்தஹள்ளி

பதில்: முதலில் அந்த 20-இல் வேரியபிள், அதாவது செயல்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் பகுதி, எவ்வளவு என்று பாருங்கள். 3 லட்சம் என்றால் 17-ஐ வைத்தே கணக்குப் போடுங்கள். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி எல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான் அடங்கியிருக்கும்.

இங்கே விற்பனைச் சரக்கு உங்கள் நேரம். மாதம் 160 மணி நேரத்தில் வாடிக்கையாளருக்குப் பில் போட்டது 120 என்றால் யூட்டிலைசேஷன் 75 சதவீதம். பயிற்சியும், புதிய புராஜெக்ட் பிடிக்க ராத்திரி உட்கார்ந்து எழுதும் ப்ரொபோசலும் பொதுவாக இதில் ஏறாது. அப்ரைசலில் மட்டும் சதவீதத்தைக் கேட்பார்கள். புராஜெக்ட் முடிந்தால் பெஞ்ச், அதாவது அடுத்த புராஜெக்ட் கிடைக்கும்வரை காத்திருப்பு. ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். எது காலியோ அதில் தள்ளுவார்கள். ஜாவா தெரிந்தவர் பழைய சிஸ்டத்துக்கு நைட் ஷிஃப்ட் சப்போர்ட்டில் மாட்டி, இரண்டு வருடம் டிக்கெட் (பதிவான புகார்கள்) மூடிக்கொண்டிருந்தால் அடுத்த இன்டர்வியூவில் சொல்ல என்ன இருக்கும்?

வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனைக்குப் பயப்பட வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி பொதுவாக அது செல்லாது. பயிற்சி தந்ததற்காக இத்தனை காலம் வேலை செய்வேன் என்று எழுதி வாங்கும் பயிற்சி பாண்ட் வேறு விஷயம். இடையில் விலகினால் நிறுவனம் நியாயமான இழப்பீடு கேட்க முடியும். நோட்டீஸ் 90 நாள் என்றால், பணம் கட்டி முன்கூட்டியே விலக முடியுமா என்று ஹெச்.ஆரிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.