பழைய ஸ்விஃப்டா, பழைய போலோவா?

கேள்வி: பழைய கார் வாங்கத் தேடியதில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன. ஒன்று 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட், மேனுவல் கியர். மற்றது 1.2 லிட்டர் டி.எஸ்.ஐ (டர்போ பெட்ரோல்) போலோ, 7 கியர் டி.எஸ்.ஜி, அதாவது இரண்டு க்ளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக். ஓட்டிப் பார்த்ததில் போலோ பாய்கிறது, வளைவில் மிதக்கிறது. ஸ்விஃப்ட் வளைவில் கச்சிதம், ஏற்றத்தில் திணறுகிறது. படித்த விமர்சனங்களோ சாலையில் போலோதான் உறுதி என்கின்றன. எதை நம்புவது?

பதில்: விமர்சகர்கள் ஓட்டியது புது போலோ. நீங்கள் ஓட்டியது யாரோ ஆண்டுக்கணக்கில் பள்ளங்களில் இறக்கி ஏற்றிய போலோ. இரண்டும் ஒரே கார் என்று யார் சொன்னது?

முதலில் பாய்ச்சல். போலோவின் டர்போ எஞ்சின் 105 குதிரைத்திறன் கொண்டது. 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவையை, நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குப் பக்கத்திலேயே கொடுத்துவிடும். ஸ்விஃப்டில் டர்போ கிடையாது. கிடைப்பது 115 நியூட்டன் மீட்டருக்கு முன்பின். அதற்கும் எஞ்சின் 4,000 சுற்றைத் தொட வேண்டும். ஏற்றத்தில் நான்காவது கியரிலேயே உட்கார்ந்திருந்தீர்கள் என்று ஊகிக்கிறேன். மூன்றுக்கு இறக்கிப் பாருங்கள், பாதித் திணறல் போய்விடும். எடையும் குறைவு என்பதால் அது சோம்பேறிக் கார் இல்லை. காலுக்கும் கைக்கும் வேலை கேட்கும், அவ்வளவுதான். எனக்கு அது பிடிக்கும்.

வளைவு விஷயம் வேறு. இரண்டுக்கும் சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு, முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை, பின்னால் டார்ஷன் பீம் வகை. அமைப்பு ஒன்றே. ஆகவே அந்த மிதப்புக்கு குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துபோனதையோ டயரையோதான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள்: 3217 என்றால் 2017-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன்கள் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். பிறகு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்து, முன் டயரின் மேற்பரப்பை உள்விளிம்பு வரை உள்ளங்கையால் தடவுங்கள். ரம்பப் பல்லைப் போல உறுத்தினால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) தவறியிருக்கிறது, அல்லது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் தளர்ந்திருக்கிறது. இவையெல்லாம் மாற்றக்கூடியவை.

போலோவில் நான் பயப்படுவது கியர்பாக்ஸுக்கு. அதிலுள்ள இரண்டு க்ளட்ச்சுகளும் எண்ணெயில் மூழ்காத உலர் வகை. ஊர்ந்து போகும் நெரிசலில்தான் சூடேறித் தேயும். எஞ்சின் நன்றாகச் சூடானபின், சமதரையில் பிரேக்கை மெல்ல விட்டு ஊர விடுங்கள். உதறல் இருந்தால், வாங்காமல் கைகுலுக்கிவிட்டு வந்துவிடுங்கள். உதறல் இல்லை, பராமரிப்புப் பதிவும் ஒழுங்காக இருக்கிறது என்றால், ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் ஆகும் செலவை விலையில் கழித்துக்கொண்டு போலோவை எடுக்கலாம். தினமும் நெரிசலில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஸ்விஃப்டையே எடுங்கள்.

கேள்வி: அகலமான டயர் போட்டால் ஸ்விஃப்டின் பிடிப்பு கூடுமா?

பதில்: காய்ந்த சாலையில் கொஞ்சம் கூடலாம். ஸ்டியரிங் கனக்கும், ஏற்றத்தில் இன்னும் திணறும். அதே அளவில் நல்ல டயர் வாங்குங்கள்.